கடைவதா, மாற்றுவதா? திருகு அளவி சொல்லட்டும்!

காரின் பிரேக்கை மிதிக்கிறார் ஓட்டுநர். வண்டி நிற்கத்தான் செய்கிறது. ஆனால் பாதத்தின் அடியில் பெடல் தடதடவென்று துடிக்கிறது. ஸ்டீயரிங்கும் கூடவே நடுங்குகிறது. பட்டறைக்குக் கொண்டுபோனால், "டிஸ்க் பெண்ட் ஆயிடுச்சுங்க" என்று சொல்கிறார் மெக்கானிக். அடுத்து என்ன செய்வது? இங்கேதான் இரண்டு கட்சிகள் பிறக்கின்றன.

ஒரு கட்சி, "லேத்தில் கொடுத்துக் கடைந்தால் போதும், சில நூறு ரூபாயில் முடிந்துவிடும்" என்கிறது. திருப்பூர், பல்லடம், அவிநாசி வட்டாரத்தில் லேத் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை. ஆகவே இந்தக் கட்சிக்கு இங்கே ஆதரவாளர் அதிகம். இன்னொரு கட்சி, "கடைவதெல்லாம் ஆபத்து, ஜோடியாகப் புதிது போடுங்கள்" என்கிறது. அதற்குச் சில ஆயிரம் ரூபாய் ஆகும். பெரும்பாலும் இரு கட்சியாரும் ஒரு காரியத்தைச் செய்வதில்லை. டிஸ்கை அளந்து பார்ப்பதில்லை!

அளக்காமல் கடைவதும் தவறு, அளக்காமல் தூக்கி எறிவதும் தவறு என்பது என் கருத்து. இந்த வழக்கைத் தீர்க்கவல்ல நீதிபதி உங்கள் பள்ளி ஆய்வகத்திலேயே இருக்கிறார். அவர் பெயர் திருகு அளவி. அவருடைய மீச்சிற்றளவு 0.01 மி.மீ.

டிஸ்க் என்ன வேலை செய்கிறது?

சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் வார்ப்பிரும்பு வட்டுதான் டிஸ்க். பிரேக்கை மிதிக்கும்போது, இரு பக்கமிருந்தும் இரண்டு பிரேக் பேடுகள் அதை இறுக்கிப் பிடிக்கின்றன. உராய்வினால் வண்டியின் இயக்க ஆற்றல் வெப்பமாக மாறுகிறது. இங்கிலாந்தைச் சேர்ந்த பிரெடெரிக் லான்செஸ்டர் என்ற பொறியாளர் 1902-ஆம் ஆண்டிலேயே இத்தகைய பிரேக்குக்குக் காப்புரிமை பெற்றார். ஆனால் அதன் பெருமையை உலகம் உணர அரை நூற்றாண்டு ஆயிற்று. 1953-இல் பிரான்சு நாட்டின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் டிஸ்க் பிரேக் பூட்டிய ஜாகுவார் கார் வெற்றி பெற்றது. மூடிய பானை போன்ற டிரம்மைவிடக் காற்றில் திறந்து நிற்கும் டிஸ்க் விரைவாகக் குளிர்கிறது என்பதே அதன் சிறப்பு.

டிஸ்கில் எவ்வளவு வெப்பம் சேரும்? கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆட்களோடு சேர்த்து 1,200 கிலோ நிறையுள்ள கார் மணிக்கு 72 கி.மீ. வேகத்தில், அதாவது நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் செல்கிறது. நிறையில் பாதியை வேகத்தின் இருமடியால் பெருக்கினால் இயக்க ஆற்றல் கிடைக்கும்: 600 × 400 = 2,40,000 ஜூல். பிரேக் போடும்போது வண்டியின் பாரம் முன்பக்கம் சாய்வதால், இதில் சுமார் 70 சதவீதத்தை முன் சக்கரங்களே தாங்குகின்றன என்று கொள்வோம். அது 1,68,000 ஜூல். இரு முன் டிஸ்குகளிலும் உராயும் வளையம் மட்டும் தலா 3 கிலோ எனவும், வார்ப்பிரும்பின் தன்வெப்பம் கிலோவுக்குச் சுமார் 460 ஜூல் எனவும் எடுத்துக்கொண்டால், ஒருமுறை நிறுத்துவதில் வெப்பநிலை சுமார் 61 டிகிரி உயரும். காற்றால் குளிர்வதை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. ஆக, டிஸ்க் என்பது பிரேக் போடும்போது பிறக்கும் வெப்பத்தைச் சில நொடிகளுக்குத் தாங்கிக்கொள்ளும் பாத்திரம். பாத்திரத்தின் அளவு குறைந்தால் என்ன ஆகும் என்பதைப் பிறகு பார்ப்போம்.

'பெண்ட்' என்ற சொல்லால் வரும் குழப்பம்

ஒரு தட்டைச் சற்றே சாய்வாகச் சுழலவிட்டு, அதன் விளிம்பைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே இலேசாகப் பிடித்துப் பாருங்கள். தட்டு இப்படியும் அப்படியும் ஆடும். இரு விரல்களும் சேர்ந்தே ஆடும். ஆனால் விரல்களுக்கு இடையேயுள்ள தூரம் மாறுவதில்லை. ஏன்? தட்டின் தடிமன் எங்கும் ஒன்றுதான். பல கார்களின் பிரேக் பிடிப்பானும் இதுபோல் பக்கவாட்டில் நகரக்கூடியதே. எனவே டிஸ்க் சற்றுக் கோணலாக ஆடுவதால் மட்டும் பெடல் பெரிதாகத் துடிப்பதில்லை.

துடிப்புக்குக் காரணம் பெரும்பாலும் வேறு. டிஸ்கின் தடிமன் சுற்றிலும் ஒரே சீராக இல்லாமல் போவதே அது. எவ்வளவு வேறுபாடு? ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஓரிரு பங்கு இருந்தால் போதும்! தலைமுடியின் தடிமனைவிடக் குறைவான இந்த வேறுபாட்டைக் கால் எப்படி உணர்கிறது? பாஸ்கல் விதிதான் காரணம். பிரேக் பிடிப்பானிலுள்ள பிஸ்டனின் விட்டம் 50 மி.மீ., பெடலால் இயங்கும் முதன்மை உருளையின் விட்டம் 20 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். பரப்புகளின் விகிதம் 6.25. பெடல் ஒரு நெம்புகோல். அதன் விகிதம் 4. இரண்டையும் பெருக்கினால் 25. நாம் கொடுக்கும் விசையை 25 மடங்காக்கும் இந்த அமைப்பு, எதிர்த்திசையில் பிஸ்டனின் அசைவையும் 25 மடங்காக்கிக் காலுக்கு அனுப்புகிறது. டிஸ்கில் 0.02 மி.மீ. மேடு இருந்தால் பெடலில் அரை மில்லிமீட்டர் துள்ளல்! டயரின் சுற்றளவு 1.8 மீட்டர் என்றால், மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் இத்துள்ளல் நொடிக்கு 9 முறை நிகழும். வேகம் குறையக் குறையத் துடிப்பும் மெதுவாகும். (ஏ.பி.எஸ். உள்ள வண்டியில் அவசரமாக பிரேக்கை அழுத்தும்போது வரும் துடிப்பு வேறு, அது பழுதன்று.)

இந்தத் தடிமன் வேறுபாடு எங்கிருந்து வருகிறது? டிஸ்க் உட்காரும் ஹப்பில் துருவும் அழுக்கும் இருக்கலாம். சக்கரத்தின் நட்டுகளைக் காற்றுத் துப்பாக்கியால் கண்டபடி முறுக்கியிருக்கலாம். அப்போது டிஸ்க் ஓரிரு இழை கோணலாக அமர்கிறது. பிரேக் போடாதபோதும், ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடம் பேடை உரசிச் செல்கிறது. சில ஆயிரம் கிலோமீட்டருக்குப் பின் அந்த இடம் மட்டும் தேய்ந்து மெலிகிறது. இதுவல்லாமல், டிஸ்க் கொதிக்கும் நிலையில் வண்டியை நிறுத்தி, பிரேக்கை அழுத்திப் பிடித்தபடியே இருந்தால், பேடின் பொருள் திட்டாக டிஸ்கில் ஒட்டிக்கொள்வதும் உண்டு. வெப்பத்தால் டிஸ்க் உண்மையாகவே முறுக்கிக்கொள்வது இவற்றோடு ஒப்பிட்டால் அபூர்வமே.

ஹப்பின் துருவைத் துடைக்காமல் டிஸ்கைக் கடைந்து மாட்டினாலும் நோய் திரும்பி வரும். புது டிஸ்க் மாட்டினாலும் திரும்பி வரும்! காரணத்தை விட்டுவிட்டு விளைவுக்கு மருந்து போடுவதால் பயனில்லை. 'பெண்ட்' என்ற ஒரு சொல், காரணத்தைத் தேடவிடாமல் நம் வாயை அடைத்துவிடுகிறது.

கடைவதில் உள்ள நன்மையும் வரம்பும்

வீட்டு அம்மி மழுங்கிவிட்டால் என்ன செய்வோம்? கொத்துவோம். அம்மி மீண்டும் நன்றாக அரைக்கும். கல் மட்டும் கொஞ்சம் தேய்ந்திருக்கும். டிஸ்கைக் கடைவதும் அப்படியே. மேடு பள்ளம் போய், பரப்பு சமமாகிறது. அதற்கு விலையாகத் தடிமன் குறைகிறது. அம்மி தேய்ந்தால் சட்னி அரைப்பது தாமதமாகும், அவ்வளவுதான். டிஸ்க் தேய்ந்தால் வருவது அப்படிப்பட்ட சிறு தொல்லையன்று.

காற்றோட்டத்துக்காக நடுவில் இடைவெளி விட்டு வார்த்த, 20 மி.மீ. தடிமனுள்ள ஒரு டிஸ்கை எடுத்துக்கொள்ளுங்கள். இதில் இரும்புத் தட்டுகள் இரண்டும் தலா 6 மி.மீ.; நடுவே 8 மி.மீ. இடைவெளி. தேய்ந்தும் கடைந்தும் மொத்தம் 2 மி.மீ. போய்விட்டது என்றால், இருபதில் இரண்டு, அதாவது பத்து சதவீதம்தானே என்று தோன்றும். அது சரியன்று. போனது 12 மி.மீ. இரும்பிலிருந்து 2 மி.மீ.; ஆறில் ஒரு பங்கு! 3 கிலோ வளையம் 2½ கிலோவாகிவிட்டது. முன்பு போட்ட கணக்கை மீண்டும் போடுங்கள். ஒருமுறை நிறுத்தும்போது ஏறும் வெப்பநிலை 61-லிருந்து 73 டிகிரியாகிறது. நெரிசலில் அடுத்தடுத்துப் பிரேக் போடும்போது இந்த வேறுபாடு கூடிக்கொண்டே போகும்.

இப்போது அதே வண்டியில் ஞாயிற்றுக்கிழமை ஊட்டிக்குச் சென்று திரும்புவதாக நினையுங்கள். குன்னூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,850 மீட்டர் உயரத்திலும், மேட்டுப்பாளையம் சுமார் 325 மீட்டர் உயரத்திலும் உள்ளன. 1,525 மீட்டர் இறங்கும்போது 1,200 கிலோ கார் இழக்கும் நிலை ஆற்றல் சுமார் 1 கோடியே 79 இலட்சம் ஜூல். 25 டிகிரியில் உள்ள 57 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர இது போதும்! இதில் ஒரு பகுதியைக் காற்றும் டயரும் எடுத்துக்கொள்கின்றன. தாழ்ந்த கியரில் இறங்கினால் எஞ்சின் ஒரு பெரும் பங்கை வாங்கிக்கொள்ளும். மலைச்சாலைப் பலகைகள் அதைத்தான் சொல்கின்றன. பலகையைப் பொருட்படுத்தாமல் பிரேக்கை மட்டுமே நம்பி இறங்கினால் சுமை முழுவதும் பிரேக்கின் மேல் விழும்.

டிஸ்கின் வெப்பம் பேடு வழியாகப் பிரேக் எண்ணெய்க்குச் செல்கிறது. இந்த எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. 'டாட் 3' வகை எண்ணெய் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது தரவரையறை. ஈரம் ஏறிய நிலைக்கு அந்த வரம்பு 140 டிகிரிதான். எண்ணெய் கொதித்தால் குழாயில் ஆவிக் குமிழிகள் தோன்றும். திரவத்தை அழுத்திச் சுருக்க முடியாது, ஆவியைச் சுருக்கலாம். பெடல் தரைவரை இறங்கும், வண்டி நிற்காது. கொண்டை ஊசி வளைவில் இது நேர்ந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இதனால்தான் டிஸ்க் செய்பவர்கள் அதன் குறைந்தபட்சத் தடிமனை டிஸ்கின் மீதே பொறித்து வைக்கிறார்கள். அந்த எண்ணுக்குக் கீழே சென்ற டிஸ்குக்கு மறுவாழ்வு இல்லை.

நம் ஊர் ஆலைகள் கற்றுத்தரும் பாடம்

இது ஏதோ வெளிநாட்டுக் கண்டிப்பு என்று நினைக்க வேண்டாம். நம் வட்டாரத்து நூற்பாலைகளுக்குச் சென்று பாருங்கள். ஸ்பின்னிங் இயந்திரத்தின் மேல் உருளைகளில் 'காட்ஸ்' எனப்படும் ரப்பர் உறைகள் உள்ளன. அவை தேய்ந்து பள்ளம் விழுந்தால் நூல் சீர்கெடும். ஆகவே குறித்த காலத்துக்கு ஒருமுறை அவற்றை எந்திரத்தில் தேய்த்துச் சமப்படுத்துகிறார்கள். ஒவ்வொரு முறையும் விட்டம் சிறிது குறையும். அதை அளந்து பார்ப்பார்கள். வரம்புக்குக் கீழே போனதும் தயங்காமல் கழித்துவிடுவார்கள். பனியன் துணி பின்னும் வட்டப் பின்னல் இயந்திரத்தைப் பொருத்தும் ஃபிட்டரும் அப்படித்தான். சிலிண்டரும் டயலும் சரியாக அமர்ந்துள்ளனவா என்று டயல் கேஜ் வைத்து, மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு வரை பார்க்கிறார். ரயில்வேயிலும் தேய்ந்த சக்கரங்களைக் கடைந்து பயன்படுத்துகிறார்கள். ஆனால் அதற்கும் குறைந்தபட்ச விட்டம் என்று ஓர் எல்லை உண்டு.

துணியில் கோடு விழக்கூடாது என்பதற்காக இவ்வளவு துல்லியமாக அளக்கும் ஊர், உயிரைக் காக்கும் டிஸ்கை மட்டும் கண்ணால் பார்த்து, "இன்னும் ஒரு தடவை தாங்கும்" என்று சொல்லலாமா?

இதற்கு ஒரு காரணம் பழக்கம் என்று எனக்குத் தோன்றுகிறது. அம்பாசடரும் பிரீமியர் பத்மினியும் ஓடிய காலத்தில் நான்கு சக்கரங்களிலும் கனத்த டிரம்கள் இருந்தன. லாரி டிரம்மும் கனமானதே. அவற்றை லேத்தில் ஏற்றிக் கடைவது வழக்கமாக இருந்தது. டிரம்முக்கும் வரம்பு உண்டு என்றாலும், அந்தக் கனம் கொஞ்சம் பிழையைப் பொறுத்துக்கொண்டது. மெல்லிய டிஸ்க் அவ்வாறு பொறுக்காது. டிரம் போய் டிஸ்க் வந்துவிட்டது, கைப்பழக்கம் மாறவில்லை.

எப்போது எது?

ஓர் எடுத்துக்காட்டு. புதிதில் 20 மி.மீ., வரம்பு 18 மி.மீ. உள்ள டிஸ்க். அளந்தால் 19.6 மி.மீ. இருக்கிறது. பக்கத்துக்கு 0.2 மி.மீ. கடைந்தால் 19.2 கிடைக்கும். இதைத் தூக்கி எறிவது வீண், கடைவதே அறிவுடைமை. இன்னொரு டிஸ்க் 18.9 மி.மீ. இருக்கிறது. பள்ளம் ஆழமாக உள்ளதால் பக்கத்துக்கு 0.3 மி.மீ. கடைய வேண்டும். மிஞ்சுவது 18.3. வரம்புக்கு மேலேதான் இருக்கிறது. ஆனால் புதுப் பேடுகள் தேயும் காலம் முழுவதும் அந்த 0.3 மி.மீ. போதுமா? போதாது. மாற்றுவதே முறை. மெக்கானிக் ஒருவரே, வண்டியும் ஒன்றே. எண் மாறியதால் விடை மாறியது.

தடிமன் போதுமானதாக இருந்தும் மாற்ற வேண்டிய இரு நிலைகள் உண்டு. விரிசல் கண்டிருந்தால் பேச்சே இல்லை. அடுத்து, மிகையான வெப்பத்தால் நீல நிறத் திட்டுகள் தோன்றியிருக்கலாம். சுமார் 700 டிகிரிக்கு மேல் சூடாகி விரைந்து குளிர்ந்த இடத்தில், இரும்பும் கரியும் கூடிய மிகக் கடினமான கார்பைடு உருவாகக்கூடும். அது மேற்பரப்போடு நிற்பதில்லை, உள்ளேயும் இறங்கியிருக்கும். மேலே கடைந்தாலும் அடியில் எஞ்சிய கடினத் திட்டு மற்ற இடத்தைவிட மெதுவாகத் தேயும். சில நாளில் மீண்டும் மேடாக நிற்கும்.

கடைவது என்று முடிவு செய்தால், அதையும் ஒழுங்காகச் செய்ய வேண்டும். டிஸ்கின் அமரும் முகத்தைச் சுத்தம் செய்து, மையம் பார்த்து லேத்தில் பிடிக்க வேண்டும். ஒரு பக்கம் கடைந்து, கழற்றித் திருப்பி, அளக்காமல் மறுபக்கம் கடைந்தால் இரு பக்கங்களும் இணையாக இருக்குமா? இருக்காது. துடிப்பை நீக்கப் போய்ப் புதுத் துடிப்பை விலைக்கு வாங்கிய கதைதான்.

இரு தரப்பின் வாதங்கள்

"வாடகை வண்டி ஓட்டுகிறவனுக்குச் சில ஆயிரம் என்பது சில நாள் வருமானம், உங்களுக்கென்ன?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதனால்தான் அளக்கச் சொல்கிறேன். அளவு இல்லாவிட்டால், கடையலாம் என்ற நிலையிலும் புதிதை அவர் தலையில் கட்டிவிடலாம். எண் அவர் கையில் இருந்தால் அவரை ஏமாற்ற முடியாது. "கடைந்து கொடுத்து ஏதாவது ஆகிவிட்டால் பழி எங்கள் மேல் வருமே; மாற்றிவிட்டால் கவலையில்லை" என்று பெரிய சர்வீஸ் நிலையங்கள் சொல்லலாம். ஹப்பைத் துடைக்காமல் மாற்றினால் அந்தக் கவலையும் தீராது என்பதை மேலே கண்டோம். மேலும், நல்ல இரும்பை எறிவதும் ஒரு செலவுதான். ஆனால் கழித்த டிஸ்க் மண்ணாய்ப் போய்விடுவதில்லை. வார்ப்பட ஆலையின் உலைக்குச் சென்று மீண்டும் உருப்படியாகும். ஆகவே வரம்பு தாண்டிய டிஸ்கைச் சிக்கனத்தின் பெயரால் காப்பாற்ற வேண்டிய தேவையும் இல்லை.

நான் வேண்டுவது ஒன்றுதான். பிரேக் வேலை செய்யும் ஒவ்வொரு பட்டறையும் பில்லில் மூன்று எண்களை எழுதட்டும்: டிஸ்கின் இப்போதைய தடிமன், அதில் பொறித்துள்ள குறைந்தபட்சத் தடிமன், கடைந்த பின் மிஞ்சிய தடிமன். இதற்கு வேண்டியது ஒரு திருகு அளவியும் ஐந்து நிமிடமும். வாடிக்கையாளரும் "எவ்வளவு ஆகும்?" என்று கேட்பதற்கு முன்னால், "எத்தனை மில்லிமீட்டர் இருக்கிறது?" என்று கேட்கப் பழக வேண்டும்.

மாணவ நண்பர்களே, உங்களில் சிலர் ஐ.டி.ஐ.-க்கும் பாலிடெக்னிக்குக்கும் செல்வீர்கள். சிலர் சொந்தப் பட்டறையே வைப்பீர்கள். ஆய்வகத்தில் கம்பியின் விட்டத்தை அளக்கும்போது, சுழிப் பிழை பார்த்து, பல இடங்களில் அளந்து, சராசரி எடுக்கிறீர்கள் அல்லவா? டிஸ்குக்கும் அதே முறைதான். விளிம்பிலுள்ள துரு மேட்டைத் தவிர்த்து, ஒரு சென்டிமீட்டர் உள்ளே தள்ளி, சுற்றிலும் எட்டு இடங்களில் அளக்க வேண்டும். ஒரே ஒரு மாற்றம்: இங்கே சராசரி எடுக்காதீர்கள். மிகக் குறைந்த அளவு எதுவோ, அதை வரம்போடு ஒப்பிடுங்கள். மிகப் பெரியதற்கும் மிகச் சிறியதற்கும் உள்ள வேறுபாடே காலுக்குத் தெரியும் துடிப்பு. அடுத்த முறை உங்கள் வீட்டு வண்டியோ பக்கத்து வீட்டு வண்டியோ பிரேக் வேலைக்குப் போகும்போது, உடன் சென்று அந்த எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.